வாப்பும்மாவும் குதிரைகளும்

வாப்பும்மா வபாத்தாகிச் சில வாரங்களுக்குப் பிறகு அவரது அலுமாரியைத் துப்புரவாக்கினோம். சேலைகள் மாமிமாருக்குப் போயின. ஹஜ்ஜுக்குக் கொண்டுபோன தோல்பையை உம்மா எடுத்துக்கொண்டார். காலாவதியான கடவுச்சீட்டுகள் நான்கு இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஏழு அப்பியாசக் கொப்பிகள் அடுக்கியிருந்தன. முதற் கொப்பியைத் திறந்த பெரிய மாமியின் முகம் மாறிவிட்டது. பக்கம் முழுவதும் கோடு போட்டு இலக்கங்கள் எழுதியிருந்தன. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு குதிரையின் பெயர்.

"நானா, இத ஒருத்தருக்கும் காட்டாம எரிச்சிடுங்க. மௌத்தானவங்கட குறைய மறைக்கத்தான் வேணும்" என்று மாமி வாப்பாவிடம் சொன்னார்.

வாப்பா ஒன்றும் பேசவில்லை. நான் மட்டும் "அது அப்பிடி இல்ல மாமி" என்றேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. காரணம், வாப்பும்மாவுக்காக வாய் திறந்திருக்க வேண்டிய ஒரு நாளில் நான் வாய் திறக்கவில்லை. அந்த நாளைப் பற்றி எழுதவே இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் வாப்பும்மா யாரென்று சொல்ல வேண்டும்.

வாப்பும்மா பிறந்தது நுவரெலியாவில். அவரது வாப்பாவுக்கு அங்கே சிறியதொரு புடைவைக் கடை இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே உள்ள அந்தக் குளிர் நகரத்தில், வெள்ளைக்காரர் காலத்தில் 1875இல் அமைத்த குதிரைப் பந்தயத் திடல் இன்றும் இருக்கிறது. சித்திரை வந்தால் ஊர் நிரம்பிவிடும். கவர்னர் கிண்ணப் பந்தயம் நடப்பதும் அந்தக் காலத்தில்தான். 1950களில் சிறுமியாக இருந்த வாப்பும்மாவுக்குப் பந்தய நாளில் உள்ளே போக அனுமதி இல்லை. ஆனால் விடியற்காலையில் பால் வாங்கப் போகும் வழியில் அந்தத் திடலின் வேலி இருந்தது. பனிமூட்டத்துக்குள் குதிரைகளைப் பயிற்சிக்கு ஓடவிடுவார்கள்.

"முதல்ல சத்தம்தான் வரும் மகள். பொறகு மூச்சுப் பொக. அதுக்குப் பொறகுதான் குதிர தெரியும்" என்று வாப்பும்மா சொல்லுவார். பால் போத்தலோடு வேலியில் நின்று, வீட்டுக்குப் பிந்திப் போய், உம்மாவிடம் ஏச்சு வாங்குவது வழக்கமாம். அந்த ஏச்சைச் சொல்லும்போதும் அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

கலியாணம் முடித்து வந்தது பேருவளைக்கு. எங்கள் அப்பா மாணிக்கக்கல் வியாபாரி. 1970களில் கெவுடக் கல்லுக்குக் கிராக்கி வந்தது. பால்போல் மங்கிக் கிடக்கும், அதுவரை பெரிதாக யாரும் மதிக்காத அந்தக் கற்களைத் தாய்லாந்துக்காரர் சூடேற்றி நல்ல நீலமாக்கும் வித்தையைக் கண்டுகொண்டார்கள். அதனால் நம்மவர்கள் பலர் பேங்கொக், சந்தபுரி, ஹொங்கொங் என்று பறந்தார்கள். அப்பாவும் பறந்தார். ஆனால் அப்பாவுக்கு வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஹலாலான சாப்பாடு தேடி அலைவதும் பெரிய பாடு. அதனால் பிள்ளைகளை மூத்தம்மாவிடம் விட்டுவிட்டு வாப்பும்மாவையும் கூட்டிப் போனார். ஒரு சட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கறித்தூள் பொட்டலங்கள் ஆகியவற்றோடு உலகம் சுற்றிய பெண் எங்கள் வாப்பும்மா.

ஹொங்கொங்கில் ஹெப்பி வெலி என்றொரு பந்தயத் திடல் இருக்கிறது. நாலாபுறமும் உயர்ந்த கட்டடங்கள், நடுவே பச்சைப் புல். 1840களில் தொடங்கிய இடம். அதற்கு எதிரே மலைச்சரிவில் முஸ்லிம் மையவாடி ஒன்று இருக்கிறது. அப்பா கல் பார்க்கப் போகும் நேரங்களில் வாப்பும்மா அந்தப் பக்கம் நடந்து போவாராம். முதலில் மையவாடிக்கு ஸலாம் சொல்லி, தெரியாத அந்த மனிதர்களுக்காக துஆக் கேட்டுவிட்டு, பிறகு திரும்பி நின்று குதிரைகளைப் பார்ப்பாராம். "ஒரு பக்கம் ஓட்டம், ஒரு பக்கம் ஓட்டம் முடிஞ்சவங்க. ரெண்டையும் ஒரே எடத்தில நிண்டு பாக்க அல்லாஹ் எனக்கு வச்சான்" என்று ஒருமுறை சொன்னார். அப்போது எனக்குப் பத்து வயது. அது பயமுறுத்தும் பேச்சாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை.

குதிரை பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஓட்டத்தை விட, ஓடுவதற்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்களே, அதைத்தான் கவனமாகப் பார்ப்பார். காது எந்தப் பக்கம் திரும்புகிறது, கழுத்தில் வியர்வை நுரைக்கிறதா, பின்னங்கால் முன்னங்காலின் சுவட்டைத் தாண்டி விழுகிறதா என்று பார்ப்பார். அப்பா ஒரு கல்லை வாங்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல. "ஓடுறது எல்லாருக்கும் தெரியும். நடக்கிறதப் பாக்கத் தெரியணும்" என்பது அவர் வாதம். நான் புதிதாக ஒரு சினேகிதியை வீட்டுக்குக் கூட்டி வந்தாலும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

அவருக்குப் பிடிக்காததும் இருந்தது. சவுக்கால் அடித்து ஓட்டும் ஜொக்கிகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருமுறை ஒரு குதிரை கால் முறிந்து விழுந்ததைக் கண்டாராம். சுற்றிலும் திரை பிடித்தார்கள். பிறகு திரையை எடுத்தபோது குதிரை இல்லை. அதன்பின் இரண்டு வருடங்கள் அவர் எந்தத் திடலின் பக்கமும் போகவில்லை. "நாங்க ரசிக்கிறதுக்கு அது உசிரக் குடுக்குது மகள். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாம இல்ல" என்றார். தான் நேசித்த ஒன்றின் குறையை மறைக்காமல் சொன்ன மனிதர்களில் நான் கண்ட முதல் ஆள் அவர்தான்.

கடைசிக் காலப் பயணங்கள் துபாய்க்கு. சின்ன வாப்பா அங்கே வேலை செய்தார். 1996ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதலாவது துபாய் உலகக் கிண்ண ஓட்டம் நாத் அல் ஷெபா திடலில் நடந்தபோது வாப்பும்மா அங்கே இருந்தார். 2,000 மீற்றர் ஓட்டம். அமெரிக்காவிலிருந்து வந்த சிகார் என்ற குதிரை அரை உடல் நீளத்தால் வென்றது. அது அந்தக் குதிரையின் தொடர்ச்சியான 14ஆவது வெற்றி. வாப்பும்மாவின் கொப்பியில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: "பேர் சுருட்டு, ஓட்டம் சுத்தம்."

துபாயை அவர் அதிகம் விரும்பியதற்குக் காரணம் இருந்தது. அங்கே அப்போது பந்தயத்தில் பணம் கட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. குதிரை ஓடும், மக்கள் பார்ப்பார்கள், வென்றவருக்குப் பரிசு உண்டு, பார்த்தவர் பணம் இழக்காமல் வீடு போவார். "பாத்தீங்களா, சூது இல்லாமலும் குதிர ஓடுந்தானே!" என்று, ஏதோ தானே ஒரு வழக்கில் வென்றதுபோலச் சொல்லுவார்.

அந்த வழக்கு அவருக்கு உண்மையிலேயே இருந்தது. ஊரில் அவரைப் பற்றிக் கதைத்தவர்கள் இருந்தார்கள். தமிழில் பந்தயம் என்ற ஒரே சொல் ஓட்டத்தையும் குறிக்கும், கட்டும் பணத்தையும் குறிக்கும். குதிரைப் பந்தயம் பிடிக்கும் என்று ஒரு பெண் சொன்னால், கேட்பவர் காதில் சூது என்றே விழும். அதனால் வாப்பும்மா அந்தச் சொல்லைப் பாவிப்பதே இல்லை. "பந்தயம்ண்டு செல்லாதீங்க மகள். ஓட்டம்ண்டு செல்லுங்க" என்று திருத்துவார்.

சூது ஹராம் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்களே குதிரை ஓட்டம் நடத்தியிருப்பதையும் அவர் அறிந்திருந்தார். ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி அது. பயிற்சி கொடுத்த குதிரைகளுக்கு ஹப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல் தூரம். பயிற்சி பெறாதவற்றுக்குத் தனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் மட்டும். அதை அறிவிக்கும் இப்னு உமர் (ரழி) அவர்களும் அந்த ஓட்டத்தில் கலந்துகொண்டவர். இதைச் சொல்லும்போதெல்லாம் வாப்பும்மா ஓர் இடத்தில் நிறுத்துவார். "பழக்கினதையும் பழக்காததையும் ஒண்டா ஓட விடல்ல, பாத்தீங்களா? ஏலாததுக்கு ஏலுமான தூரம். வாயில்லாச் சீவனுக்கும் நீதி." சூறா அல்ஆதியாத்தை அவர் ஓதும்போது குரல் கொஞ்சம் வேகமாகும். அது ஏனென்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சூது நடக்கும் திடலுக்குப் போய் நின்று பார்ப்பதே சரியா என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்காகத்தான் ஹஜ்ஜுக்குப் போய் வந்த பொறகு அப்பிடியான எடங்களுக்கு நான் போகல்ல. முந்திப் போனதுக்கு அல்லாஹ்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் ஈக்கிறன்" என்றார். தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமா இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் கேள்விக்கு அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் பதில் சொன்னார் என்பதற்கு நான் சாட்சி.

ஒரு விடுமுறையில் அவர் என்னைக் கொழும்பு றீட் அவெனியூவில் உள்ள பழைய றேஸ்கோர்ஸுக்குக் கூட்டிப் போனார். 1893இல் திறந்த திடல். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது விமானங்கள் இறங்கும் தளமாக இருந்தது. 1950களோடு அங்கே குதிரை ஓட்டமும் நின்றுபோனது. இப்போது றக்பி மைதானம், கடைகள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடந்தார்கள். வாப்பும்மா பழைய பார்வையாளர் மேடையைப் பார்த்தபடி ஒரு படியில் உட்கார்ந்து, "இந்தத் திருப்பத்தாலதான் வந்திருக்கும்" என்று விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார். உலகத்தில் ஓடும் பந்தயக் குதிரைகளின் தந்தை வழி மூன்றே மூன்று குதிரைகளில் போய் முடிகிறது என்றும், அவற்றில் ஒன்று 1704இல் சிரியாவின் ஹலப் நகரத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன அரபுக் குதிரை என்றும் அன்றுதான் சொன்னார். வட நாடுகளில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1ஆம் திகதிதான் பிறந்தநாள் என்றும் சொன்னார். அவரது அடையாள அட்டையிலும் அதே திகதிதான். சரியான திகதி தெரியாமல் யாரோ எழுதியது. "நானும் அந்தக் கூட்டந்தான்" என்று சிரித்தார்.

இனி, அந்த நாள்.

நான் ஒன்பதாம் தரத்தில் படித்தபோது, தமிழ்ப் பாடவேளையில் 'என் குடும்பத்தில் நான் மதிக்கும் ஒருவர்' என்று ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. நான் வாப்பும்மாவைப் பற்றி எழுதி மனனம் செய்திருந்தேன். எனக்கு முன் பேசியவர்களின் வாப்பும்மாமார் குர்ஆன் மத்ரஸா நடத்தியவர்கள், ஏழைகளுக்குச் சமைத்துக் கொடுத்தவர்கள். என் முறை வருமுன் பக்கத்தில் இருந்த சினேகிதி என் கொப்பியை எட்டிப் பார்த்தாள். "அல்லாஹ்! உங்கட வாப்பும்மா ரேஸ் வெளாடுறவவா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனாலும் பின்வாங்கில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் எழுந்து போய், மனனம் செய்ததை விட்டுவிட்டு, என் வாப்பும்மாவுக்கு ரோசாப்பூ வளர்ப்பதில் பெரிய ஆசை என்றும், நுவரெலியாவில் பிறந்ததால் எங்கள் முற்றம் முழுவதும் ரோசா வைத்திருக்கிறார் என்றும் பேசினேன். வகுப்பு கைதட்டியது. எங்கள் முற்றத்தில் இருந்தது ஒரு முருங்கை மரமும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் மட்டும்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். உம்மாவுக்குக் காய்ச்சல், வாப்பா வெளியூரில். வாப்பும்மாதான் வந்தார். டீச்சர் அன்போடு, "உங்கட ரோசாத் தோட்டத்தப் பத்தி மகள் எவ்வளவு அழகாப் பேசினா தெரியுமா?" என்றார். எனக்குக் கால்கள் நடுங்கின. வாப்பும்மா என் முகத்தைப் பார்த்தார். குதிரையைப் பார்ப்பதுபோல்தான். ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. "பிள்ளைக்கு ரோசாண்டா நல்ல விருப்பம் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

ஓட்டோவில் வரும்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பாடசாலை விட்டு வந்தபோது வாசலில் ஒரு ரோசாச் செடி இருந்தது. சட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார். "எதுக்கு வாப்பும்மா?" என்றேன். "எண்ட பேத்தி பேசினது முழுக்கப் பொய்யாப் போகக் கூடாதே" என்றார். பிறகு, "முற்றம் நெறைய ஏலாது மகள். எனக்கு முழங்கால் நோகுது. ஒண்டு போதுந்தானே?" என்றார்.

நான் அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். ஆனால் என்னை மன்னியுங்கள் என்ற வார்த்தை என் வாயால் வரவில்லை. பிறகு சொல்லலாம், பெருநாளுக்குச் சொல்லலாம், சாதாரண தரப் பரீட்சை முடிந்து சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். போன வருடம் ஒரு சுபஹுக்குப் பின் அவர் எழும்பவில்லை.

கொப்பிகள் எரிக்கப்படவில்லை. அன்றிரவு வாப்பா ஏழையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு நிரலையும் விளங்கப்படுத்தினேன். இது திகதி. இது ஊர். இது ஓட்டத்தின் தூரம். இது குதிரையின் முதுகில் இருக்கும் இலக்கம். இது எத்தனையாவதாக வந்தது. கடைசி நிரலில் வாப்பும்மாவின் சொற்கள்: "நடை நல்லம்." "காது சரியில்ல." "பாவம், அடிச்சி ஓட்டினான்." "மழை. எல்லாம் சேறு. ஆனா அழகு." அப்பா வபாத்தான வருடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு டீவியில் பார்த்தவை. கடைசிக் கொப்பியில் எழுத்து நடுங்கியிருந்தது.

வாப்பாவும் கல் வியாபாரிதான். கணக்குக் கொப்பி பார்த்துப் பழகியவர். ஏழு கொப்பிகளையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, எல்லாம் பாத்தன். இதில வரவும் இல்ல, செலவும் இல்ல. உம்மா பாத்திருக்கிறா. அவ்வளவுதான்" என்றார். மறுமுனையில் மாமி அழுவது எனக்கும் கேட்டது.

அந்தக் கொப்பிகள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். அல்லாஹ் நாடினால் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் எல்லோரும் மனித வைத்தியத்தையே சொல்கிறார்கள். இந்த முறை நான் வாய் திறந்து என் விருப்பத்தைச் சொல்லியிருக்கிறேன். என்ன முடிவாகுமோ தெரியாது.

ஒன்பதாம் தரத்தில் பேசியிருக்க வேண்டிய பேச்சை இன்று எழுதி முடித்துவிட்டேன். என் வாப்பும்மாவுக்குக் குதிரை ஓட்டம் பிடிக்கும். அவர் சூதாடியதில்லை. என் பொய்யை மறைக்க அவர் ஒரு செடி நட்டார். பேருவளையின் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ரோசா இலகுவில் பிடிக்காது. ஆனாலும் அந்தச் செடி இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் பாடசாலைக்கு வருமுன் அதற்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். இரண்டு முறை பூத்திருக்கிறது.

யா அல்லாஹ், எங்கள் வாப்பும்மாவின் கப்றை விசாலமாக்குவாயாக. அவருக்கு மேலான சுவர்க்கத்தை வழங்குவாயாக. அவரிடம் நான் கேட்கத் தவறிய மன்னிப்பை உன்னிடம் கேட்கிறேன். ஆமீன்.